நாஜி ஜெர்மனியில் மாணவர் எதிர்ப்புக் குழுவில் இருந்த ஒரு கற்பனைப் பெண்ணை வைத்துக் கதை எழுதுகிறேன். எப்படி எழுதினால் நம்பும்படி இருக்கும்?

மியூனிக்கில் ஹிட்லருக்கு எதிராகத் துண்டுப்பிரசுரம் பரப்பிய வெள்ளை ரோஜா மாணவர் குழுவை மனதில் வைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தாராளமாக எழுதுங்கள், ஆனால் ஒரு வேண்டுகோள்: அவளை 1943 பிப்ரவரி 18 அன்று மியூனிக் பல்கலைக்கழக மாடியில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். அன்று அங்கே துண்டுப்பிரசுரம் வைத்தவர்கள் ஹான்ஸ் ஷோலும் தங்கை சோஃபியும் மட்டும்தான். சோஃபி மேலிருந்து தள்ளிவிட்ட காகிதங்கள் கூடத்தில் பறந்ததும், கட்டடக் காவலாளி ஓடிவந்து பிடித்ததும், நாலே நாளில், பிப்ரவரி 22-ல், இருவரையும் அவர்கள் கூட்டாளி கிறிஸ்டோஃப் ப்ரோப்ஸ்டையும் விசாரித்து அன்றைக்கே தலையை வெட்டியதும் கொஞ்சம் படித்தவர்களுக்கும் தெரிந்த கதை. மூன்றாவதாக ஒருத்தி அங்கே நின்றால் வாசகருக்கு உடனே இடிக்கும்.

ஓரத்தில் வையுங்கள், அங்கேதான் இடம் நிறைய. நானாக இருந்தால் உல்ம் நகரத்தைப் பிடித்துக்கொள்வேன். 1943 ஜனவரியில் ஐந்தாவது பிரசுரத்தை சைக்ளோஸ்டைலில் ஆயிரக்கணக்கில் எடுத்தார்கள், அதில் ஒரு பங்கு உல்முக்கு வந்தது. அங்கே இரண்டு பள்ளி மாணவர்கள், ஒருவன் பாதிரியாரின் மகன் ஹான்ஸ் ஹிர்ட்செல், இன்னொருவன் ஃப்ரான்ஸ் முல்லர், மார்ட்டின் லூதர் தேவாலயத்தில் ஆர்கனுக்குப் பின்னால் உட்கார்ந்து உறைகளில் முகவரி போட்டார்கள். உங்கள் பெண்ணுக்கு, ஹில்டே என்றே வைத்துக்கொள்வோம், அங்கே ஒரு ஸ்டூல் போடுங்கள். மடியில் ஸ்டுட்கார்ட் டெலிபோன் டைரக்டரி, பக்கத்தில் உறைக் கட்டு, ஜனவரிக் குளிரில் விறைத்த விரல், கீழே யாரோ கதவைத் திறக்கும் சத்தம் கேட்டதும் மூவரும் அப்படியே நிற்பது. ஸ்டென்சில் மை கையில் ஒட்டினால் லேசில் போகாது, நம் ஊரில் சங்கத்து நோட்டீஸ் ஓட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்த விரலோடு அவள் சாயங்காலம் அம்மாவுக்கு முன்னால் சாப்பிட உட்கார வேண்டும்.

துப்பாக்கி, குண்டு எதுவும் வேண்டாம், அந்தக் குழுவில் அது கிடையாது. போர்க்காலத்தில் காகிதமும் உறையும் ஸ்டாம்பும் மொத்தமாக வாங்குவதே தலைபோகிற காரியம். ஒரே தபால் நிலையத்தில் நூறு ஸ்டாம்ப் கேட்டால் கவுன்ட்டரில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார், ஆகவே இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று வாங்க வேண்டும். ஷோல் வீட்டைச் சோதித்தபோது ரகசியப் போலீசான கெஸ்டபோ கையில் சிக்கிய முக்கியமான தடயங்களில் புது ஸ்டாம்ப்களும் உண்டு. அப்புறம் ரயில். பெட்டியை ஒரு கம்பார்ட்மென்ட்டில் வைத்துவிட்டு ஆள் வேறொன்றில் உட்கார்ந்துகொள்வது வழக்கம், சோதனையில் பெட்டி மாட்டினாலும் ஆள் மாட்டக்கூடாது என்று. ரயிலில் எப்போதும் சந்தேகத்துக்கு ஆளாவது ராணுவ வயது ஆண்கள்தான். இளம்பெண்ணை அவ்வளவாக யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

இதுதான் உங்கள் கதையின் மையம் என்று எனக்குத் தோன்றுகிறது. சின்னப் பெண்தானே என்று எல்லோரும் நினைப்பதுதான் ஹில்டேவுக்குக் கவசம், நீதிமன்றத்திலும் அதுவே. 1943 ஏப்ரல் 19-ல் நடந்த இரண்டாவது விசாரணையில் குழுவில் இருந்த பேராசிரியர் குர்ட் ஹூபர், மாணவர்கள் ஷ்மோரெல், வில்லி கிராஃப் மூவருக்கும் மரண தண்டனை. பிரசுரத்தை ஹாம்பர்க் வரை கொண்டுபோன ட்ராவுட்டே லாஃப்ரென்ஸுக்கு ஒரு வருடம்தான், ஹிர்ட்செலின் அக்கா சூசன்னவுக்கு ஆறு மாதம். பிழைக்க வேண்டுமென்றால் 'எனக்கு ஒன்றும் தெரியாது, கொடுத்தார்கள், தபாலில் போட்டேன்' என்று நிற்க வேண்டும். நண்பனுக்குத் தூக்கா வெட்டா என்று பேசிக்கொண்டிருக்கும் அதே அறையில், அத்தனை தெரிந்த ஒருத்தி தன்னை முட்டாளாகக் காட்டிக்கொள்வது எப்படி இருக்கும்? அந்த ஒரு காட்சியை மட்டும் நிதானமாக, பத்துப் பக்கம் எடுத்துக்கொண்டு எழுதுங்கள்.

இன்னொன்று, அவளைப் பிறவியிலேயே போராளியாக்கிவிடாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1943-ல் இருபது வயது என்றால் ஹிட்லர் பதவிக்கு வந்தபோது அவளுக்குப் பத்து. பள்ளி, பாட்டு, முகாம், எல்லாமே அந்த ஆட்சி கொடுத்தது. சோஃபியே ஹிட்லர் இளைஞர் அமைப்பின் பெண்கள் பிரிவில் ஆசையாகச் சேர்ந்து குழுத் தலைவியாகவும் இருந்தவள். 1937-ல் அண்ணனைப் பிடித்தது, 1942-ல் ஹிட்லரைத் திட்டியதற்காக அப்பாவை உள்ளே போட்டது, இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக விலகல் வந்தது. ஒரே ராத்திரியில் மனம் மாறியதாக எழுதினால் நான் புத்தகத்தை மூடிவிடுவேன்.

பயம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சரியாக வையுங்கள். சீருடைக்காரனைவிட, பிரசுரம் கிடைத்ததும் பத்திரமாகக் கொண்டுபோய் போலீசில் கொடுத்த சாதாரண ஆட்கள்தான் அதிக ஆபத்து. அந்தக் காவலாளிக்கு 3,000 மார்க் பரிசு கிடைத்தது, மாணவர்கள் கூட்டத்தில் அவருக்குக் கைதட்டலும் கிடைத்தது.

கதையை பிப்ரவரி 22-லேயே முடிக்கவும் வேண்டியதில்லை. அதற்குப் பிறகும் மியூனிக்கில் வேதியியல் படித்த ஹான்ஸ் லைபெல்ட்டும் மரி-லூயிஸ் யானும், சோஃபி மாடியிலிருந்து தள்ளிவிட்ட அந்த ஆறாவது பிரசுரத்தைத் திரும்ப டைப் அடித்துப் பரப்பினார்கள், ஹூபரின் குடும்பத்துக்குப் பணம் திரட்டினார்கள். லைபெல்ட்டை 1945 ஜனவரியில் கொன்றார்கள், யானுக்கு 12 வருடம் போட்டார்கள், போர் முடிந்ததால் வெளியே வந்தார். உல்ம் சரிப்படவில்லை என்றால் ஹில்டேயை இந்த இரண்டாவது சுற்றில் வையுங்கள். பிடிபட்டால் என்ன ஆகும் என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதனால் அவள் சம்மதிக்கிற இடத்தை இன்னும் நன்றாக யோசித்து எழுத வேண்டியிருக்கும்.