தொழிலகப் பாதுகாப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: டேங்குக்குள் ஆளை இறக்குமுன் ஆக்சிஜன் எவ்வளவு இருக்க வேண்டும்? (தூத்துக்குடி)

19.5 சதவீதத்துக்குக் குறைந்தால் இறக்கவே கூடாது. மான்ஹோல் வாயில் மட்டும் அளந்துவிட்டுத் திருப்தி அடையாமல், நடுவிலும் அடியிலும் அளவெடுங்கள். இடத்தை நேரில் பார்க்காமல் பர்மிட்டில், அதாவது அந்த வேலைக்கான எழுத்துமூல அனுமதிச் சீட்டில், கையெழுத்திடாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஆலையில் அடிக்கடி கேஸ் கசிகிறது. என்ன செய்வது?

என்ன கேஸ், குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்சிலா வால்விலா, எவ்வளவு அழுத்தம் என எதையும் எழுதாமல் கேட்டால் நான் ஜோசியம்தான் சொல்ல வேண்டும். குளோரினுக்கும் அம்மோனியாவுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: விபத்தின்றி 1000 நாள் நிறைவு செய்தால் எல்லோருக்கும் பரிசு என்று நிர்வாகம் அறிவித்திருக்கிறது. பாதுகாப்பு உணர்வு வளருமா? (மணலி)

வளராது, மறைக்கும் பழக்கம்தான் வளரும். 990ஆம் நாள் விரல் நசுங்கிய ஒப்பந்தத் தொழிலாளியிடம், "உன்னால் எல்லோருடைய பரிசும் போய்விடும்" என்று சூப்பர்வைசர் சொல்வதற்குக்கூடத் தேவையிருக்காது, அவரே கையைத் துணியால் சுற்றிக்கொண்டு வெளியே ஏதாவது கிளினிக்குக்குப் போய்விடுவார். விபத்தில்லா நாட்களை எண்ணிக் காட்டும் பலகைகளை நான் பல வாசல்களில் பார்த்துச் சலித்துவிட்டேன். 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்க் கிணறு தோண்டும் கடல் மேடை வெடித்து 11 பேர் மாண்ட அன்று, வேலைநாள் இழப்புக் காயமின்றி ஏழாண்டுகள் கடந்ததைப் பாராட்டுவதற்காக அதிகாரிகள் அந்த மேடைக்கு வந்திருந்தார்கள். வழுக்கி விழுவதையும் விரல் நசுங்குவதையும் எண்ணும் கணக்கு, கிணற்றின் அழுத்தத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. பரிசு தந்தே தீர வேண்டுமென்றால், நூலிழையில் தப்பிய சம்பவத்தைத் தானே எழுதிக் கொடுப்பவருக்குக் கொடுங்கள். அவர் எழுதியதற்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்பதை ஒரு வாரத்துக்குள் அவரிடமே சொல்லுங்கள். பதில் வராத இடத்தில் இரண்டாவது சீட்டை யாரும் எழுத மாட்டார்கள்.

கேள்வி: ஷிப்ட் மாறும்போது பர்மிட் விவரத்தை வாய்மொழியாகச் சொன்னால் போதாதா? (கடலூர்)

போதாது. 1988இல் வடகடலின் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில், பராமரிப்பில் இருந்த பம்ப்பின் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த செய்தி இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. மற்றொரு பம்ப் நின்றுபோனதும் அவர்கள் இதை ஓட்டினார்கள். 167 பேர் இறந்தார்கள். ஒரே கருவிக்குரிய பர்மிட்டுகள் அனைத்தும் ஒரே இடத்தில் தொங்க வேண்டும். பொறுப்பை ஒப்படைப்பவரும் ஏற்பவரும் சேர்ந்து நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், இடத்தைப் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம்.

கேள்வி: எங்கள் எம்.டி. மாதந்தோறும் பிளாண்டைச் சுற்றிப் பார்க்கிறார். தலைமையின் அக்கறைக்கு இது போதுமான அடையாளம்தானே?

முன்னறிவிப்போடு, புதுப் பெயின்ட் அடித்த பாதையில் காலை பதினொரு மணிக்கு வருகிறார் என்றால் போதாது. இரவு ஷிப்டில் வந்து, பைபாஸில் இருக்கும் (அதாவது, ஆபத்து வந்தால் தானே இயந்திரத்தை நிறுத்த வேண்டிய, ஆனால் செயலிழக்க வைக்கப்பட்டிருக்கும்) இன்டர்லாக்குகளின் பட்டியலையும், சோதனைக் கெடு தாண்டிய சேஃப்டி வால்வுகளின் பட்டியலையும் கேட்கச் சொல்லுங்கள். அவற்றைச் சரிசெய்ய பிளாண்டை நிறுத்த வேண்டுமென்றால், அதற்கான உத்தரவில் அங்கேயே கையெழுத்திடுகிறாரா என்று பாருங்கள்.