சிமுலேட்டரில் ஓடிய சுற்று மேசையில் ஓடவில்லையே?

கேள்வி: நான் இயந்திரவியல் படித்தவன். மின்னணுவியலில் இரண்டு இணையவழிப் பாடங்களை முடித்துச் சான்றிதழும் பெற்றுவிட்டேன். ஆனால் சொந்தமாக ஒரு கருவியை வடிவமைக்க உட்கார்ந்தால் கை ஓடவில்லை. இத்துறையை இணையவழியில் கற்க முடியுமா?

பதில்: முடியும். இரண்டு பாடங்களை முடித்ததைக் குறைவாக எண்ண வேண்டாம். 2012இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் இணையவழிக் கல்வித் திட்டமான எம்.ஐ.டி.எக்ஸின் முதல் பாடமாக மின்சுற்றுகளும் மின்னணுவியலும் இலவசமாகத் தொடங்கப்பட்டபோது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். தேறியவர்கள் ஏழாயிரத்துச் சொச்சம் பேர்தான்.

உங்கள் தடுமாற்றத்துக்குக் காரணம் வேறு. பாடங்களில் நாம் பழகும் சிமுலேட்டரில், அதாவது சுற்றைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் மென்பொருளில், நாம் வரையும் கம்பிக்கு மின்தடையும் இல்லை, மின்தூண்டமும் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) இல்லை. அதன் மின்வழங்கி எவ்வளவு மின்னோட்டம் கேட்டாலும் தளராது. மேசையில், ஒரே 5 வோல்ட் வழங்கியிலிருந்து ஒரு மைக்ரோகண்ட்ரோலருக்கும் (நிரலை ஓட்டும் சிறு கணினிச் சிப்), டிரான்சிஸ்டர் வழியாக ஒரு சிறு மோட்டாருக்கும் மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். மோட்டார் கிளம்பும்போதெல்லாம் மைக்ரோகண்ட்ரோலர் நின்று, முதலிலிருந்து ஓடத் தொடங்கக்கூடும். பிழை நிரலில்தான் என்று இரவு முழுவதும் தேடுவோம். மல்டிமீட்டரோ 5 வோல்ட் என்றே காட்டிக்கொண்டிருக்கும், ஏனெனில் மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மிகையான மின்னோட்டத்தால் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நிகழ்ந்து முடியும் மின்னழுத்தச் சரிவைப் பிடிக்கும் வேகம் அதற்கு இல்லை. மின்னழுத்தம் நொடிக்கு நொடி மாறுவதை வரைபடமாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப்பில்தான் அந்தப் பள்ளம் தெரியும். மின்னைச் சேமித்துவைத்துச் சரிவின்போது கொடுத்து உதவுவது மின்தேக்கி. மோட்டாருக்கு அருகில் சில நூறு மைக்ரோபாரட் மின்தேக்கி ஒன்றும், மைக்ரோகண்ட்ரோலர் சிப்புக்கு மின்சாரம் நுழையும் உலோகக் காலை ஒட்டி 100 நானோபாரட் மின்தேக்கி ஒன்றும் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ‘ஒட்டி’ என்பதை அழுத்திச் சொல்கிறேன்: சில சென்டிமீட்டர் தள்ளி வைத்தால், இடையிலுள்ள கம்பியின் மின்தூண்டமே அதன் பயனைக் குறைத்துவிடும். சிப்பைத் தயாரித்தவர் தரும் விவரக் குறிப்பான டேட்டாஷீட்டில் இது ஒரே வரியில் இருக்கும். பாடங்களில் பலவும் அதைக் கடந்து போய்விடுகின்றன.

ஆகவே அடுத்த பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சான்றிதழைப் பார்க்காதீர்கள். டேட்டாஷீட் வாசிக்கப் பழக்குகிறார்களா, சுற்றுப்படம் வரைவதில் தொடங்கி, உறுப்புகளைப் பொருத்தும் மின்சுற்றுப் பலகையைத் தயாரிக்கத் தொழிற்சாலைக்கு அனுப்பும் கெர்பர் கோப்பு வரை கொண்டுசெல்கிறார்களா என்று பாருங்கள். மென்பொருளுக்குச் செலவு தேவையில்லை, பலகையை வடிவமைக்கும் கீகேட் (KiCad) இலவசமாகவே கிடைக்கிறது. முதல் பலகை அநேகமாகத் தவறும். என்னுடையதில் இணைப்பியின் கால்கள் கண்ணாடிப் பிம்பம்போல இடம் மாறியிருந்தன. அன்றிலிருந்து, கோப்பை அனுப்புவதற்கு முன்பு, பலகையின் படத்தை அதே அளவில் காகிதத்தில் அச்சிட்டு, வாங்கிவைத்த உறுப்புகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்துப் பார்த்துவிடுகிறேன்.