ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் போட்டும் காது இரைகிறதா?

நண்பரே, திருச்சி வரை பைக்கில் போனபின் இரவெல்லாம் காதில் 'கொய்ங்' என்று கேட்டதாகவும், சைலன்சர்தான் காரணமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் காற்றுதான். 100 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் இரைச்சல் சுமார் 95 டெசிபலைத் தொடும். 85 டெசிபலை 8 மணி நேரம் கேட்கலாம் என்பது பொதுக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அப்படியென்றால் உங்களுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை.

மெடிக்கலில் ஃபோம் இயர்பிளக் வாங்குங்கள். நன்றாக உருட்டி, காதுமடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, விரியும்வரை விரலால் அழுத்துங்கள். பாதி வெளியே நின்றால் பயனில்லை. ஹாரன் கேட்கும், பயப்பட வேண்டாம். அப்புறம், இரைச்சலை மறைக்க ப்ளூடூத்தில் பாட்டைக் கூட்டாதீர்கள், அது இன்னும் கெடுதல். ரீங்காரம் இரண்டு நாளில் போகாவிட்டால் இஎன்டி மருத்துவரைப் பாருங்கள்; திடீரென்று ஒரு காது மந்தமானால் அன்றைக்கே போய்விடுங்கள்.