பணம் கட்டினால் எழுத்து வேலையா?

கேள்வி: இணையத்தில் எழுத்து வேலை தேடுகிறேன். வாட்ஸ்அப்பில் ஒருவர் 1,500 ரூபாய் பதிவுக் கட்டணம் கட்டினால் மாதம் முழுக்க வேலை தருவதாகச் சொல்கிறார். கட்டலாமா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: கட்டாதீர்கள் அம்மா. வேலை கொடுப்பவர்தானே காசு தரவேண்டும்? இந்த ஆட்கள் அடுத்து ‘ஒப்பந்தம்’ என்று ஒன்றில் கையெழுத்து வாங்குவார்கள். அப்புறம் நீங்கள் அனுப்பியதில் பிழை என்பார்கள், வக்கீல் நோட்டீஸ் வரும் என மிரட்டி அபராதம் கேட்பார்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் போடுங்கள்.

ஃபைவர் (Fiverr) என்று எழுத்து போன்ற வேலைகள் கிடைக்கும் இணையதளம் இருக்கிறது. அதில் கணக்குத் தொடங்கக் காசு வேண்டாம். வேலை முடிந்ததும் 20 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். 100 டாலருக்கு 80 மிஞ்சும். கொஞ்சம் அதிகம்தான், ஆனால் சொல்லிவிட்டுப் பிடிக்கிறார்கள். ஆங்கிலமும் நன்றாக வருமென்றால் மொழிபெயர்ப்பையும் பாருங்கள்.

மாதிரிக்கு ஆயிரம் வார்த்தை சும்மா எழுதச் சொன்னால், பழைய கட்டுரை ஒன்றை அனுப்புங்கள். நான் ஒரு பத்திக்கு மேல் இலவசமாக எழுதுவதில்லை.

வேலை கொடுப்பது இந்திய நிறுவனம் என்றால், உங்களுக்குத் தரும் பணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்திருக்கலாம். வருமான வரித் துறை இணையதளத்தில் உங்கள் கணக்கில் தெரியும். உங்கள் வருமானத்துக்கு வரியே இல்லையென்றால், ரிட்டர்ன் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கிவிடலாம். பான் எண்ணை மட்டும் முதல் பில்லிலேயே சரியாகக் கொடுத்துவிடுங்கள்.