பண்ணைப் பங்கு வாங்கினால் ஜூனில் ஏன் தக்காளி வருவதில்லை?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு பண்ணையில் முன்பணம் கட்டிப் பங்கு வாங்கியிருக்கிறீர்கள்; விளைச்சலில் உங்கள் பங்கு வாராவாரம் ஒரு பெட்டியாக வரும். ஜூன் பெட்டியில் வெறும் இலைதழை, தக்காளி எங்கே என்று கேட்கிறீர்கள்.

தக்காளிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அங்கே மே பாதிவரை உறைபனி பயம் உண்டு. அதற்கப்புறம்தான் நாற்றை வயலில் நடுவார்கள். திறந்த வயல் தக்காளி ஜூலைக் கடைசியில் தலைகாட்டும், ஆகஸ்டில் கொட்டும். ஜூனில் குளிர் தாங்கும் லெட்யூஸ், பசலை, முள்ளங்கி, பட்டாணிதான். சுருண்டு வளைந்த பச்சைத் தண்டு கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள், அது பூண்டின் பூத்தண்டு. பூண்டு பருக்க வேண்டும் என்று ஒடித்துவிடுவார்கள். பொடியாக நறுக்கி வதக்கிப் பருப்பில் சேருங்கள், அபாரம்.

ஜூலையில் சுக்கினி வரும், வெள்ளரி மாதிரி இருக்கும் பூசணி வகை. வந்துகொண்டே இருக்கும். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தும் தீராது. பறிக்காமல் விட்டால் முழங்கை நீளத்துக்கு வளர்ந்து நிற்கும். அக்டோபரில் உருளை, பூசணி, கேரட். குளிரில் செடி மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்வதால், உறைபனி பட்ட கேரட் நன்றாக இனிக்கும்.

சரி, முன்பணம் எதற்கு? விதை, உரம், கூலி எல்லாம் அறுவடைக்கு முன்பே செலவாகிவிடும். 1986-இல் இதே மாநிலத்தில், இந்தியன் லைன் பண்ணையில், ராபின் வான் என் என்பவரும் நண்பர்களும் இந்தப் பங்கு முறையைத் தொடங்கியபோதும் ஏற்பாடு இதுதான்: விளைச்சலில் பங்கு, நட்டத்திலும் பங்கு. ஆலங்கட்டி மழை லெட்யூஸைக் கிழித்தால் அந்த வாரப் பெட்டி இளைத்துத்தான் வரும். பொதுவாகப் பணம் திரும்பாது. அது ஒத்துவராது என்றால் உங்களுக்கு உழவர் சந்தைதான் சரி.