காத்திருந்து பார்த்த ருமட்டாலஜிஸ்ட் கைவிரித்துவிட்டாரா? மூட்டுவாதக் கேள்வி பதில்

மாதக்கணக்கில் காத்திருந்து ருமட்டாலஜிஸ்டைப் (மூட்டுவாத ஸ்பெஷலிஸ்ட்) பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய மனத்தாங்கல்தான் இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை. எலும்பு முறிவு, முட்டி தேய்மானம், டிஸ்க் பிரச்சினை எல்லாம் ஆர்த்தோ டாக்டரிடம் கேட்க வேண்டியவை. இங்கே வாதம் மட்டும்.

மதுரை, 38 வயது: காலையில் விரலை மடக்க முடியவில்லை. இரண்டு மாதம் காத்திருந்து அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது. டாக்டர் கையை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், வீக்கம் இல்லை, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இதற்கா இவ்வளவு காத்திருப்பு?

உங்கள் கோபம் நியாயம்தான் அம்மா. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் அவர் தேடியது ஒன்றே ஒன்று: மூட்டில் வீக்கம். வலி வேறு, வீக்கம் வேறு. சரவாங்கியை (ஆர்.ஏ., அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) வகைப்படுத்த உலகம் முழுக்கப் பயன்படும் 2010ஆம் ஆண்டு விதிமுறையில், ஒரு மூட்டிலாவது வீக்கத்தை டாக்டர் பார்த்தால்தான் மதிப்பெண் போடவே தொடங்குவார்கள். மொத்தம் 10, அதில் 6 வேண்டும். எத்தனை மூட்டு, எந்த மூட்டு என்பதற்கு அதிகபட்சம் 5, ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. என்ற இரண்டு ரத்த டெஸ்ட்டுக்கும் சேர்த்து 3; ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. கூடியிருந்தால் 1, தொந்தரவு ஆறு வாரம் தாண்டியிருந்தால் 1. நீங்கள் போன நாளில் கையில் வீக்கம் வற்றியிருந்தால் அவரால் எதையும் எழுத முடியாது. "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று அதற்குப் பொருள் அல்ல. அதை அவர் வாயால் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது அவர் தப்பு.

அடுத்த முறைக்குச் செய்ய வேண்டியவை. வீங்கிய நாளில் காலை எழுந்தவுடன், ஜன்னல் வெளிச்சத்தில், வெள்ளைத் துண்டின் மேல் இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புறங்கையைப் படம் எடுங்கள். பிறகு இரண்டையும் முஷ்டி மடக்கி ஒரு படம். விரல் கணுக்களுக்கு இடையே உள்ள பள்ளம் மறைந்திருந்தால் படத்திலேயே தெரியும். எழுந்ததிலிருந்து விரல் சரளமாக மடங்கும்வரை எத்தனை நிமிடம் என்று குறித்து வையுங்கள். பத்து நிமிடத்தில் சரியானால் ஒரு கதை, ஒரு மணி நேரம் ஆனால் வேறு கதை. கிளினிக்குக்கு போன் போட்டு "வலி அதிகம்" என்றால் மூன்று மாதம் கழித்துத்தான் தேதி. "இப்போது வீங்கியிருக்கிறது, வீக்கம் இருக்கும்போதே காட்ட வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள்.

ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் என்பதை வைத்து நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது; சரவாங்கிக்காரர்களில் நூற்றுக்கு இருபது, முப்பது பேருக்கு அது நெகட்டிவ்தான். ஆன்டி சி.சி.பி. பார்த்தாரா? மூட்டுக்கு டாப்ளருடன் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் முறை) அல்ட்ராசவுண்ட் எடுத்தால் கைக்குத் தட்டுப்படாத வீக்கமும் தெரியும். இரண்டையும் கேளுங்கள்.

இன்னொன்று, இதை எல்லாரும் படியுங்கள்: பக்கத்துத் தெரு டாக்டர் கொடுத்த மாத்திரையில் பிரெட்னிசோலோன், டெஃப்லசகார்ட், டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் எதாவது இருந்ததா? அவை ஸ்டீராய்டு. வீக்கத்தை அமுக்கிவிடும், ஸ்பெஷலிஸ்ட் கண்ணுக்கு எதுவும் அகப்படாது. மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டிருந்தால் நீங்களாக நிறுத்தவும் கூடாது. மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு போங்கள்.

திண்டுக்கல்: எனக்கும் ஆர்.ஏ. நெகட்டிவ், டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை.

மேலே இருப்பதேதான்.

ஓசூர், 26 வயது: ஒரு வருடமாக இடுப்பு வலி. எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு போனேன். "ஸ்கேன் நார்மல்" என்று சொல்லி வலி மாத்திரை மட்டும் எழுதினார்கள்.

தம்பி, நீங்கள் எடுத்தது லம்பார் ஸ்பைன் எம்.ஆர்.ஐ.யாக இருக்கும். அது டிஸ்க் பார்ப்பதற்கு. பின்னிரவில் வலி எழுப்புகிறதா, உட்கார்ந்தால் கூடி, நடந்தால் குறைகிறதா? அப்படியென்றால் சந்தேகம், முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் எஸ்.ஐ. மூட்டில் வரும் வாதத்தின் மேல். அதற்குத் தனியாக "எம்.ஆர்.ஐ. எஸ்.ஐ. ஜாயின்ட், ஸ்டிர் சீக்வென்ஸுடன்" என்று எழுதி வாங்க வேண்டும்; ஸ்டிர் என்பது எலும்புக்குள் இருக்கும் அழற்சியைக் காட்டும் படமுறை. மருந்து ஏற்றி எடுக்கத் தேவையில்லை. எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணு டெஸ்ட் பாசிட்டிவ் என்றாலும் உடனே பயப்பட வேண்டாம். அது உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த நோய் வருவதே இல்லை.

திருநெல்வேலி: ஏ.என்.ஏ. 1:80 பாசிட்டிவ். டாக்டர் ரிப்போர்ட்டைத் தள்ளி வைத்துவிட்டார். லூபஸ் என்று நெட்டில் போட்டிருக்கிறது.

ஏ.என்.ஏ. என்பது உடல் தன்னையே தாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ரத்த டெஸ்ட்; லூபஸ் அப்படித் தாக்கும் நோய்களில் ஒன்று. 1:80 அளவு ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் வரும். தள்ளி வைத்தது சரி, காரணம் சொல்லாதது சரியில்லை. யூரினில் புரதம் போகிறதா, பிளேட்லெட் எவ்வளவு, வாய்ப்புண், வெயில் பட்டால் முகத்தில் தடிப்பு உண்டா என்று பாருங்கள். இவை இல்லையென்றால் ஏ.என்.ஏ.வை மாதாமாதம் திரும்ப எடுத்துக் காசைக் கரைக்க வேண்டாம்.

சேலம்: அம்மாவுக்கு மெத்தோட்ரெக்ஸேட் 15 மி.கி. எழுதினார். எதற்கு, எப்படி என்று ஒரு வார்த்தை விளக்கவில்லை. இரண்டு வாரமாகியும் வலி குறையவில்லை.

இது மூட்டுவாதத்தை அடக்கும் மருந்து, வலி மாத்திரை அல்ல. வாரத்தில் ஒரே ஒரு நாள். தினமும் அல்ல. தினமும் போட்டால் வாய் வெந்து, ரத்த அணுக்கள் விழுந்து உயிருக்கே ஆபத்து. கிழமையை முடிவு செய்து அட்டையின் மேல் பேனாவால் "புதன் மட்டும்" என்று எழுதுங்கள். மாத்திரைப் பெட்டியை வயதானவர் கையில் விடாமல் வீட்டில் ஒருவர் எடுத்துக் கொடுங்கள். ஃபோலிக் ஆசிட் 5 மி.கி. எழுதியிருப்பார், அது வேறு கிழமையில். வேலை செய்ய 6 முதல் 12 வாரம் ஆகும், இரண்டு வாரத்தில் எதிர்பார்க்காதீர்கள். ரத்த அணு, ஈரல், சிறுநீரகம் பார்க்கும் சி.பி.சி., எஸ்.ஜி.பி.டி., கிரியாட்டினின் டெஸ்ட்டுகளை அவர் சொன்ன தேதியில் தவறாமல் எடுக்க வேண்டும். யூரின் இன்ஃபெக்ஷன் என்று வேறு டாக்டரிடம் போனால் மெத்தோட்ரெக்ஸேட் ஓடுவதை முதலில் சொல்லுங்கள். செப்ட்ரான் போன்ற கோட்ரைமாக்ஸசோல் மாத்திரை இதனுடன் சேரவே கூடாது. காய்ச்சல், வாய்ப்புண், மூச்சு வாங்கல் வந்தால் அந்த வார மாத்திரையைப் போடாமல் உடனே டாக்டரைக் கேளுங்கள்.

ஈரோடு: ஸ்பெஷலிஸ்ட் மூணு மாசம் இழுத்தடித்தார். எங்கள் ஊரில் ஒருவர் கொடுத்த பொடியில் இரண்டே நாளில் எழுந்து நடந்தேன். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இரண்டே நாள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது சார். பல வருட மூட்டு வீக்கத்தை இரண்டு நாளில் வற்ற வைப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டுதான். பொட்டலத்தில் பெயர் இருக்கிறதா? முகம் உப்புகிறதா, பசி கூடியதா, சர்க்கரை ஏறியதா, தோலில் சும்மாவே கன்றிப்போகிறதா? காலை 8 மணிக்கு ரத்தத்தில் கார்ட்டிசால் (உடலே சுரக்கும் ஸ்டீராய்டு) பாருங்கள். மிகக் குறைந்திருந்தால் வெளியிலிருந்து ஸ்டீராய்டு உள்ளே போயிருக்கிறது என்ற சந்தேகம் வலுக்கும். திடீரென்று நிறுத்தாதீர்கள், வாந்தியும் மயக்கமும் வந்து பி.பி. இறங்கிவிடும். பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள்.

தஞ்சாவூர்: சித்த மருத்துவம் என்றாலே ஸ்டீராய்டு என்று பழி போடுவது உங்களுக்கெல்லாம் வழக்கமாகிவிட்டது.

சித்தம் என்ற சொல்லையே நான் எடுக்கவில்லையே ஐயா. பி.எஸ்.எம்.எஸ். படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவர் வேறு, பேப்பரில் மடித்துப் பொடி கொடுப்பவர் வேறு. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அங்கே ஓ.பி.யில் காட்டலாம். முறையான சித்த மருந்தின் லேபிளில் உரிம எண், பேட்ச் எண், சரக்குகளின் பெயர், தயாரித்த தேதி எல்லாம் இருக்க வேண்டும். பெயரில்லாத பொடிக்கு எந்த மருத்துவமும் பொறுப்பேற்காது.

ஈரோடு: அப்படியானால் ஸ்பெஷலிஸ்ட் எழுதுவதும் ஸ்டீராய்டுதானே! அவர் கொடுத்தால் மருந்து, எங்கள் ஊர்க்காரர் கொடுத்தால் விஷமா?

நல்ல கேள்வி. ஒரே பொருள்தான். அவர் எத்தனை மி.கி. என்று எழுதுகிறார், எப்போது குறைப்பது என்று சொல்கிறார், சர்க்கரையும் பி.பி.யும் பார்க்கிறார், கால்சியம் சேர்க்கிறார். பொடியில் எவ்வளவு என்பது கொடுத்தவருக்கே தெரியாது.

தஞ்சாவூர்: எல்லா ஸ்பெஷலிஸ்டும் அப்படிச் சொல்லியா கொடுக்கிறார்கள்?

இல்லை. சொல்லாதவரிடம் கேட்டு வாங்குங்கள். கார்ட்டிசால் ரிப்போர்ட் வராமல் பொடிப் பேச்சை இதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

கரூர்: வலி அதிகமான நாளில் மெத்தோட்ரெக்ஸேட் கூட ஒன்று போட்டுக்கொள்ளலாமா?

கூடாது! சேலம் கேள்விக்கு எழுதியதைப் படியுங்கள்.

வேலூர்: யூரிக் ஆசிட் 7.4. கௌட்டா?

யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வரும் வாதம்தான் கௌட். எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கால் பெருவிரல் சிவந்து வீங்கியதா? வலி உச்சத்தில் இருக்கும்போது யூரிக் ஆசிட் நார்மலாகக்கூட இருக்கும், இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள்.

நாமக்கல்: மெத்தோட்ரெக்ஸேட் தினம்...

வாரம் ஒருமுறை.

சென்னை: நல்ல ருமட்டாலஜிஸ்ட் யார்?

தனிப்பட்ட பெயர் சொல்வதில்லை. காசு பிரச்சினை என்றால் ராஜீவ் காந்தி ஜி.எச்.சில் இதற்கென்று தனித் துறையே இருக்கிறது. ஓ.பி. எந்தக் கிழமை என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

திருச்சி: இந்த டாக்டரை விட்டு வேறு டாக்டரைப் பார்க்கலாமா? முந்தைய ஆஸ்பத்திரி ஃபைலைக் கொடுக்க மாட்டேன் என்கிறது.

தாராளமாகப் பார்க்கலாம். 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிமுறைப்படி நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். வாயால் கேட்காதீர்கள்; கடிதம் எழுதி, நகலில் சீல் போட்டு வாங்குங்கள். புது டாக்டருக்கு ஃபைல் முழுவதையும் நீட்டாமல் ஒரே தாளில் எழுதிக் கொண்டு போங்கள்: எந்த மாதம் தொடங்கியது, எந்த மூட்டு முதலில், காலையில் எத்தனை நிமிட இறுக்கம், இதுவரை சாப்பிட்ட மாத்திரை எத்தனை மி.கி., கடைசியாக எப்போது. எழுந்து வருவதற்கு முன் மூன்று கேளுங்கள்: என்ன நோய் என்று சந்தேகப்படுகிறீர்கள், எது நடந்தால் முன்னாடியே வர வேண்டும், அடுத்த டெஸ்ட் எந்தத் தேதியில். எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. என்றால் ரிப்போர்ட் தாள் போதாது, படம் பதிந்த சி.டி. தட்டையும் கேட்டு வாங்குங்கள்.