வீட்டில் பாட்டு கேட்க நடுத்தர விலையில் எந்த டர்ன்டேபிள் (இசைத்தட்டு பிளேயர்) வாங்கலாம்?

மாடல் பெயர்களுக்கு அப்புறம் வருகிறேன். ப்ளூடூத் இருக்கிறதா, யுஎஸ்பி இருக்கிறதா, பாட்டு முடிந்ததும் தானாக நிற்குமா என்று பார்ப்பதற்கு முன்னால் டோன்ஆர்மை, அதாவது ஊசியைத் தாங்கி நிற்கும் கையைப் பாருங்கள். அதன் பின்முனையில் நகர்த்தக்கூடிய எடை இருக்க வேண்டும், முன்முனையில் கார்ட்ரிட்ஜை (ஊசி பொருத்திய சிறு பாகம்) கழற்றி மாற்ற முடிய வேண்டும். இந்த இரண்டும் இல்லாத மெஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் முதலில் வாங்கியது சூட்கேஸ் மாதிரி மூடி வைக்கிற, உள்ளேயே ஸ்பீக்கர் உள்ள பிளேயர். எனக்கு மிகவும் பிடித்த ஒரு இசைத்தட்டை மாதக்கணக்கில் அதில்தான் ஓட்டினேன். பிறகு நல்ல மெஷின் வாங்கி அதே தட்டை வைத்தால், பாடகி 'ச', 'ஸ' உச்சரிக்கிற இடமெல்லாம் மணலைத் தேய்த்தது போலக் கரகரக்கிறது. அந்த வகைப் பிளேயர்களில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ்தான் இருக்கும், ஊசி 5 கிராம் அளவுக்குக்கூட அழுத்தும். நல்ல மூவிங் மேக்னட் (காந்த வகை) கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம் போதும். தட்டின் பள்ளம் ஒரு தடவை தேய்ந்துவிட்டால் எந்த ஊசியாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இன்றும் அந்தத் தட்டை எடுத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

சரி, பெயர்கள். ஆடியோ டெக்னிகா எல்பி120எக்ஸ், ரேகா பிளானர் 1, ப்ரோஜெக்ட் டெபியூ கார்பன் ஈவோ, இந்த மூன்றில் எதை எடுத்தாலும் வருஷக்கணக்கில் நிம்மதியாகக் கேட்கலாம். முதல் மெஷின் வாங்குபவருக்கு நான் சொல்வது எல்பி120எக்ஸ். டைரக்ட் டிரைவ் (மோட்டாரே நேராகச் சுழற்றுவது) என்பதால் பெல்ட் மாற்றும் வேலை இல்லை, நிமிடத்துக்கு 78 சுற்று வேகமும் உண்டு (பழைய அரக்குத் தட்டுகளுக்கு ஊசியும் அகலமானதாக மாற்ற வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்), போனோ ப்ரீஆம்ப் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்) உள்ளேயே இருக்கிறது. கூட வருகிற விஎம்95இ கார்ட்ரிட்ஜில் பின்னால் காசு சேர்ந்ததும் ஊசியை மட்டும் உருவிவிட்டு அதே வரிசையின் மைக்ரோலைன் என்ற நுண்முனை ஊசியைச் செருகலாம். பிளானர் 1 ரொம்ப எளிமையான மெஷின், 45 சுற்று வேகத் தட்டு போட வேண்டுமானால், தட்டு வைக்கிற பிளாட்டரைத் தூக்கி பெல்ட்டைக் கையால் மாற்ற வேண்டும். எனக்கு அது பிடிக்கும், எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

போனோ ப்ரீஆம்ப் விஷயத்தில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் சிக்னல், அதுவும் தட்டில் பதியும்போதே பாஸை (கனத்த ஒலி) குறைத்து ட்ரெபிளை (கூர்மையான ஒலி) கூட்டிப் பதிந்தது. அதைத் திருப்பிச் சமன் செய்து பெரிதாக்குவதுதான் ப்ரீஆம்பின் வேலை. அது இல்லாமல் இணைத்தால் சத்தம் மெலிந்து கீச்சென்று கேட்கும், மெஷின் உள்ளே ஒன்று ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) ஒன்று என்று இரண்டையும் சேர்த்து ஓட்டினால் பாஸ் பொதபொதவென்று ஆகிவிடும்.

எல்பி120எக்ஸ் பெட்டியைப் பிரித்ததும் அவசரப்படாதீர்கள். ஆன்டி ஸ்கேட்டை (ஊசி உள்பக்கம் இழுபடுவதைச் சமன் செய்யும் குமிழ்) பூஜ்யத்தில் வைத்து, ஊசி மூடியைக் கழற்றி, பின் எடையைத் திருகிக்கொண்டே வாருங்கள். ஒரு இடத்தில் டோன்ஆர்ம் மேலேயும் போகாமல் கீழேயும் சாயாமல் அந்தரத்தில் மிதக்கும். டோன்ஆர்மை அதன் தாங்கியில் பூட்டிவிட்டு, எடையை அசைக்காமல் அதிலுள்ள எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பிறகு இரண்டையும் சேர்த்து 2 வரை திருப்பினால் 2 கிராம். கடைசியாக ஆன்டி ஸ்கேட்டையும் 2-இல் வையுங்கள். ஸ்பீக்கர் வைத்த அதே பலகையில் மட்டும் மெஷினை வைக்க வேண்டாம், அதிர்வு ஊசி வழியாக ஏறி ஊமென்று இரையும்.

இப்போது உங்களிடம் இருக்கிற ஆம்பின் பின்பக்கம் 'போனோ' என்று எழுதிய சாக்கெட் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். இருந்தால், உள்ளே ப்ரீஆம்ப் இல்லாத பிளானர் 1-ஐயும் தைரியமாக யோசிக்கலாம், தனி ப்ரீஆம்ப் செலவு மிச்சம்.